தனி ஆலோசனை அறை: பலகையில் எதை எழுதுவது?

கேள்வி: உளவியலில் எம்.எஸ்ஸி. முடித்து, ஒரு மருத்துவமனையில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். கோவையில் சொந்தமாக ஆலோசனை அறை தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. இதுவரை 31 பேர் வந்திருக்கிறார்கள். வாரத்துக்கு நான்கைந்து அமர்வுகளைத் தாண்டவில்லை. மனச்சோர்வு, பதற்றம், குடும்பப் பிரச்சினை, குழந்தைகள், குடிப்பழக்கம், தேர்வு பயம், ஆளுமை வளர்ச்சி என்று எல்லாவற்றையும் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். ஏதாவது ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொள் என்கிறார்கள் தோழிகள். அப்படிச் செய்தால் மற்றவர்கள் வராமல் போய்விடுவார்களே என்று பயமாக இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதலில் உங்கள் பயத்தை எடுத்துக்கொள்வோம், அதற்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். நம் வேலையில் ஒருவர் உருப்படியாகச் செய்யக்கூடியது வாரத்துக்கு இருபது அமர்வுகள். அதற்கு மேல் போனால் காலையில் வந்தவர் சொன்னது மாலையில் வந்தவர் சொன்னதோடு கலந்துவிடும். திருவிழா, காய்ச்சல், கல்யாணம் எல்லாம் போக ஆண்டுக்கு 46 வாரம் என்று வைத்தால் 920 அமர்வுகள். ஒருவர் சராசரியாக எட்டு முறை வந்தால் ஆண்டுக்கு 115 புதியவர்கள். மாதத்துக்குப் பத்துப் பேர் வந்தால் உங்கள் அறை நிறைந்துவிடுகிறது. 2011 கணக்கெடுப்பிலேயே கோவை நகர்ப்புறப் பகுதியில் 21 லட்சம் பேர் இருந்தார்கள். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் குறைபாட்டோடு வாழ்கிறார்கள். குறைபாட்டைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை. ஆகவே ஊரில் ஆள் இல்லை என்பது உங்கள் சிக்கல் இல்லை. தேவைப்படும் நேரத்தில் அவர் காதில் உங்கள் பெயர் விழவில்லை, அவ்வளவுதான்.

கை ஒடிந்தால் புத்தூருக்குப் போ என்று நம் பக்கத்தில் பல தலைமுறையாகச் சொல்கிறார்கள். ஆந்திர எல்லைக்கு அப்பால் இருக்கிற ஊர். காய்ச்சலுக்கோ வயிற்று வலிக்கோ யாரும் அங்கே போனதாகக் கேள்விப்பட்டதில்லை. இன்று தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் 'புத்தூர் கட்டு' என்ற பலகையைப் பார்க்கலாம். அந்த வைத்தியத்தின் தரத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. மாமரத்திலிருந்து பையன் விழுந்தான் என்றதும், பக்கத்தில் நிற்கிற பெரியவர் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்கிறார் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன். உங்கள் பலகையில் ஏழு பெயர்கள் இருக்கின்றன. ஏழில் எதற்காக உங்கள் பெயரைச் சொல்வது என்று அந்தப் பெரியவருக்குத் தெரியாது. அதனால் எதற்குமே சொல்லமாட்டார்.

எனவே துறையைத் தேடும்போது பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். மனச்சோர்வு, பதற்றம் என்பவை நாம் வைத்த பெயர்கள். நம் மக்கள் அந்தப் பெயர்களோடு வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. என் துறை எனக்கு எப்படி அமைந்தது என்று சொன்னால் இது விளங்கும்.

மதுரையில் நான் தொடங்கிய இரண்டாவது ஆண்டு. என் பலகையும் உங்கள் பலகை போலத்தான் இருந்தது. ஒரு மாலையில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உட்கார்ந்ததும் பேசவில்லை. பையிலிருந்து ஒன்பது ஈ.சி.ஜி. தாள்களை எடுத்துத் தேதி வரிசையில் என் மேசைமேல் அடுக்கினார். அந்தத் தாளில் விழுகிற கோடு நாளாக ஆக மங்கிவிடும். முதல் தாளில் கோடே கண்ணுக்குத் தெரியவில்லை, ஓரத்தில் மருத்துவர் பேனாவால் எழுதிய 'நார்மல்' மட்டும் தெரிந்தது. ஒன்பதிலும் அதே சொல். எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தாகிவிட்டது. வீட்டில் வாயு என்றார்கள். இஞ்சியும் ஓமமும் கொடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும், இதோ போய்விடப்போகிறோம் என்று தோன்றும், பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கிவிடுவார். "எல்லாரும் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கா எனக்கு உயிர் போகிறது?" என்று கேட்டார்.

அது பேனிக் அட்டாக் என்பது நமக்கெல்லாம் தெரியும். 1986-இல் உளவியலாளர் டேவிட் கிளார்க் அதற்கு எழுதிய விளக்கம் இன்றும் நிற்கிறது: உடம்பில் இயல்பாக எழும் ஒரு சலனத்தை ஆபத்து என்று மனம் படித்துக்கொள்கிறது, அந்த அச்சமே சலனத்தை இன்னும் கூட்டுகிறது. அவருடைய இதய மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டு, மஞ்சள் பைக்காரரை என் கட்டடத்தின் படிகளில் இரண்டு மாடி ஏறச் சொன்னேன். படபடப்பு வந்தது. நின்று பார்த்தார். தானாகவே அடங்கியது. மீண்டும் ஏறினார். பதினோரு அமர்வுகளில் அவர் பஸ்ஸில் கடைசி நிறுத்தம்வரை போய் வந்தார். ஒரு மாதம் கழித்து அதே இதய மருத்துவர் என்னை அழைத்து, "இதே மாதிரி என்னிடம் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள், அனுப்பட்டுமா?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் என் துறை முடிவாகிவிட்டது. 'பதற்றக் கோளாறுகள்' என்று நான் எழுதியிருந்தால் அந்த மனிதருக்குப் புரிந்திருக்காது, மருத்துவருக்கும் உறைத்திருக்காது. 'எல்லாப் பரிசோதனையும் நார்மல், ஆனாலும் நெஞ்சு படபடப்பு நிற்கவில்லை' என்பதுதான் அவர்கள் இருவருக்கும் பொதுவான மொழி. துறை என்று நான் சொல்வது இதைத்தான்: ஒரு குறிப்பிட்ட ஆள், அவர் வாழ்க்கையில் ஒரு குறிப்பிட்ட கட்டம், அந்தக் கட்டத்தில் அவர் எதிரே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற இன்னொருவர். மூன்றும் தெரிந்தால் உங்களுக்குத் துறை இருக்கிறது. முதலாவது மட்டும் தெரிந்தால், 'இளம்பெண்கள்', 'ஐ.டி. ஊழியர்கள்' என்பதுபோல, அது வெறும் கூட்டம். இளம்பெண்களுக்காக யாரிடம் போய் உங்கள் பெயரைச் சொல்லிவைப்பீர்கள்?

இப்போது உங்கள் 31 பேருக்கு வருவோம். பதிவேட்டை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்றைக் குறியுங்கள். அவர் வேலை முடியும்வரை வந்தாரா, இடையில் நின்றுவிட்டாரா? அவர் மூலம் இன்னொருவர் வந்தாரா? அவர் வரப்போகும் நாளில் நீங்கள் காலையில் எப்படி எழுந்தீர்கள்? மூன்றாவதைக் கேட்கத் தயங்காதீர்கள். பத்து ஆண்டுகள் அந்த மாதிரி ஆட்களோடுதான் உட்காரப்போகிறீர்கள். மனமில்லாமல் உங்களை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் எதிரே இருப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

உங்கள் கேள்வியோடு அனுப்பிய குறிப்பில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. கருத்தரிப்புச் சிகிச்சையில் இருந்த மூன்று பெண்கள் வந்ததாகவும், மூவரும் நிறுத்தாமல் வந்ததாகவும், ஒருவர் தன் நாத்தனாரையும் அழைத்து வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். பிறகு அதை விட்டுவிட்டுத் தேர்வு பயத்தைத் துறையாக எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த மூவரிடமே நின்றுவிடுவேன்.

காரணம் சொல்கிறேன். கோவையிலும் ஈரோட்டிலும் கருத்தரிப்பு மையங்கள் ஏராளம். 2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்பங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம், சிகிச்சையின் விளைவுகள் பற்றியும் வெற்றி வாய்ப்பு பற்றியும் தம்பதியருக்கு முறையான ஆலோசனை தரவேண்டும் என்று மையங்களுக்குக் கடமை விதித்திருக்கிறது. பல இடங்களில் அந்த ஆலோசனை செலவுக் கணக்கையும் ஒப்புதல் படிவத்தையும் தாண்டுவதில்லை. கருவை உள்ளே வைத்த பிறகு ரத்தப் பரிசோதனைவரை இரண்டு வாரம் காத்திருக்கவேண்டும். அந்த நாட்களில் அவள் தும்முவதற்கே பயப்படுவாள். மாடிப்படி ஏறலாமா, திரும்பிப் படுக்கலாமா என்று ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருப்பாள். முடிவு தொலைபேசியில் வரும். கரு தங்கவில்லை என்றானபின் மறுபடி முதலிலிருந்து பணம், ஊசி, விடுப்பு. நடுவில் யாரோ "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பார்கள். வளைகாப்புக்குக் கூப்பிட்டாலும் வலி, கூப்பிடாமல் விட்டாலும் வலி. கணவனோ தன் விந்துப் பரிசோதனை முடிவைச் சொந்தத் தாயிடம்கூடச் சொல்லாமல், பழி மனைவிமேல் விழுவதைப் பார்த்துக்கொண்டு உள்ளுக்குள் அழுகிக்கொண்டிருப்பான். இவ்வளவு துயரம் குவிந்துகிடக்கிற இடத்தில், அதற்கென்றே ஒருவர் ஊரில் இருக்கிறார் என்று மருத்துவருக்குத் தெரிந்தால் அவர் அனுப்பாமல் இருப்பாரா?

மூன்றும் இங்கே இருக்கின்றன. ஆள்: சிகிச்சையில் இருக்கும் தம்பதி. கட்டம்: ஒரு சுற்றுச் சிகிச்சை தோல்வியடைந்த வாரம். எதிரே இருப்பவர்: கருத்தரிப்பு மருத்துவர், அவரைவிட முக்கியமாக, முடிவைத் தொலைபேசியில் சொல்கிற செவிலியர். இந்தத் துறை பின்னால் வளரவும் செய்யும். குழந்தை பிறந்த பிறகும் இவர்களில் சிலர் வருவார்கள், "இவ்வளவு கேட்டு வாங்கிய பிள்ளை, எனக்கு ஏன் அழுகை வருகிறது?" என்று. பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விப் பட்டியல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் தமிழ் வடிவத்தை வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் சோதித்து 2005-இல் வெளியிட்டிருக்கிறார்கள். நம் மொழியிலேயே கருவி கையில் இருக்கிற துறை இது.

தேர்வு பயத்தை எடுக்கவேண்டாம் என்று நான் தடுப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. அந்த வேலை பிப்ரவரி முதல் ஜூன் வரை குவியும், பிறகு வற்றிவிடும். அதைவிடப் பெரியது, பள்ளி வழியாக வரும் வேலையில் பணம் தருபவர் ஒருவர், பேசுபவர் இன்னொருவர். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் பள்ளிக்கு வாரம் ஒருநாள் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாம் மாதம் நிர்வாகம் என்னிடம் பிள்ளைகள் சொன்னதை வகுப்புவாரியாக எழுதித் தரச் சொன்னது. மறுத்தேன், அடுத்த வாரத்திலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அங்கே ஒன்பதாம் வகுப்பில் ஒரு சிறுமியோடு நான் பாதியில் விட்ட உரையாடல் இன்றும் என்னை உறுத்துகிறது. பிள்ளைகளோடு வேலை செய்யத்தான் விருப்பம் என்றால் செய்யுங்கள், அதைவிடத் தேவையான வேலை இல்லை. ஆனால் ரகசியத்தின் எல்லையை முதல் நாளே பள்ளியோடு எழுத்தில் பேசி முடியுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தால் புகார் செய்தாகவேண்டும் என்கிறது. அதைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே எப்படிச் சொல்வது என்று பழகிக்கொள்ளுங்கள்.

குடிப்பழக்கத்தைப் பலகையிலிருந்து இன்றே அழித்துவிடுங்கள் என்பேன். நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம். அது படுக்கையும் மருத்துவரும் இருக்கிற இடத்தின் வேலை. ஆனால் குடிப்பவரின் மனைவி? அவளுக்கு உங்கள் அறை போதும். சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் குடிநோய்க்கான டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கியதிலிருந்து குடும்பத்தாரோடும் சேர்ந்து வேலை செய்வது அங்கே சிகிச்சையின் பகுதியாகவே இருக்கிறது. சிறிய ஊர்களில் அந்தப் பெண்களுக்கென்று உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை. உங்கள் தோழிகளில் யாராவது துறை தேடினால் இதைச் சொல்லுங்கள்.

பால்புதுமையரோடு (ஒருபாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) வேலை செய்ய ஆசை என்று குறிப்பில் ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். நல்லெண்ணம் மட்டும் போதாத துறை அது. 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் ஒருபாலினத்தவர் வழக்கில் தீர்ப்பு எழுதுவதற்கு முன், தன் அறியாமையைப் போக்கிக்கொள்ள ஓர் உளவியலாளரிடம் தானே அமர்வுக்குப் போனார். ஒருவரின் நாட்டத்தை 'மாற்றுகிறேன்' என்று செய்யும் சிகிச்சையைத் தடைசெய்யவும் உத்தரவிட்டார். ஒரு நீதிபதி அப்படிக் கற்றுக்கொண்டார் என்றால் நாம் எவ்வளவு கற்றுக்கொள்ளவேண்டும்? முறையான பயிற்சியும், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையும் கிடைத்த பிறகு பெயரைப் போடுங்கள். அதற்குள் பெற்றோர் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து "இவனைச் சரிசெய்யுங்கள்" என்றால் என்ன சொல்வது என்பது உங்கள் வாயில் தயாராக இருக்கவேண்டும்.

இன்னொன்று, எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். நம்மில் பலர் தாங்கள் பட்ட காயத்தையே துறையாக எடுக்கிறோம். அதில் தவறில்லை, அந்த வலி தெரிந்தவர் கேட்கிற கேள்வியே வேறு. ஆனால் எதிரே இருப்பவர் அழும்போது உங்கள் கதை உங்களுக்குள் எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டால், அந்த அமர்வு யாருடையது? காயம் ஆறித் தழும்பானபின் எடுங்கள். ஆறிவிட்டதா என்பதை நீங்களே தீர்மானிக்காதீர்கள், உங்களுக்கு மேற்பார்வை செய்பவரைக் கேளுங்கள்.

துறையை முடிவு செய்தபின் செய்யவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எளிது. பத்து மருத்துவர்களைப் பட்டியலிடுங்கள். புறநோயாளிகள் கூட்டம் ஓய்கிற மதிய நேரத்தில் போய் ஐந்து நிமிடம் கேளுங்கள். கையில் அரைப்பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். யாரை அனுப்பவேண்டும், யாரை அனுப்பக்கூடாது, கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளுக்குள் நேரம் கிடைக்கும், தமிழில் பேசலாமா. 'யாரை அனுப்பக்கூடாது' என்ற வரிதான் மருத்துவரின் நம்பிக்கையைப் பெறும். தன் எல்லை தெரிந்தவரிடம்தான் அவர் தன் நோயாளியை ஒப்படைப்பார். முதல் அமர்வு முடிந்ததும், வந்தவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அனுப்பிய மருத்துவருக்கு நான்கு வரி எழுதுங்கள். சம்மதம் இல்லையென்றால் வந்தார் என்பதைக்கூடச் சொல்லாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. அந்த நான்கு வரியில் அந்தரங்கம் எதுவும் வேண்டாம். "வந்தார், எட்டு வாரம் திட்டமிட்டிருக்கிறோம், மருந்து பற்றி உங்களிடம் பேசுவார்" என்பது போதும். நான் விளம்பரத்துக்குச் செலவிட்ட பணம் எல்லாம் சேர்ந்து கொண்டுவந்ததைவிட இந்தக் கடிதங்கள் கொண்டுவந்தவர்கள் அதிகம்.

பலகையிலும் இணையப் பக்கத்திலும் நோயின் பெயரைப் போடாதீர்கள், துறையைச் சொல்லவேண்டிய இடத்தில் அவர்கள் வாயிலிருந்து வந்த சொல்லையே போடுங்கள். 'குழந்தையின்மை ஆலோசனை' என்ற பலகை தொங்குகிற படியில் எந்தப் பெண் பகலில் ஏறுவாள்? பக்கத்துக் கடைக்காரர் பார்ப்பார். வெளியே உங்கள் பெயரும் படிப்பும் மட்டும் இருக்கட்டும். உள்ளே, இணையத்தில், மருத்துவர் கையில் கொடுக்கும் அட்டையில் 'கருத்தரிப்புச் சிகிச்சையில் இருக்கும் தம்பதியருக்கு' என்று எழுதுங்கள். படிப்பை எழுதும்போது கவனம்: மருத்துவ உளவியலாளர் என்ற பட்டம் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவர்களுக்கு உரியது. எம்.எஸ்ஸி. படித்த நாம் உளவியல் ஆலோசகர் என்றே போட்டுக்கொள்ளவேண்டும். குணமானவர்களின் சான்றுரையைக் கேட்டு வாங்கிப் போடவே கூடாது. நம் எதிரே அழுதவரால் நமக்கு 'மாட்டேன்' என்று சொல்லமுடியாது.

மற்ற பிரச்சினைகளோடு வருபவர்களை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்குத் தெரிந்ததென்றால் பாருங்கள், யாரும் தடுக்கவில்லை. என்னிடம் வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இன்றும் படபடப்புக்காக வருவதில்லை. படபடப்பு தீர்ந்தவரின் தங்கையாகவோ, சக ஊழியராகவோ வருகிறார்கள். தெரியாததென்றால் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். எண்ணச் சுழற்சி நோய்க்கு (ஓ.சி.டி.) முறையான பயிற்சி பெற்றவர் கோவையில் யார், குழந்தைகளுக்கு யார் என்று ஒரு தாளில் எழுதி மேசைக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தற்கொலை எண்ணத்தோடு அழைப்பவருக்காக அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸின் எண் 14416-ம் அதே தாளில் இருக்கட்டும். நீங்கள் அனுப்பத் தொடங்கினால் அவர்களும் உங்களுக்கு அனுப்புவார்கள்.

ஓராண்டு கொடுங்கள். ஆறாம் மாதம் பதிவேட்டை மறுபடி எடுத்து அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மாதத்துக்கு நான்கைந்து பேராவது அந்தச் செவிலியரின் வாயால் வந்திருந்தால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். வரவில்லையென்றால், துறையை மாற்றுவதற்கு முன், அந்தப் பத்து மருத்துவர்களில் எத்தனை பேரை இரண்டாவது முறை போய்ப் பார்த்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த இதய மருத்துவரைக்கூட நான் ஏற்கெனவே இரண்டு முறை போய்ப் பார்த்திருந்தேன். மஞ்சள் பைக்காரரின் கையில் என் அட்டையைக் கொடுத்து அனுப்பியவர் அவர்தான்.